அக்காவின் முகவலிக்கு எந்த ஊசி?

அன்புள்ள செல்வம்,

கடிதமும் அக்காவின் ரிப்போர்ட்டுகளும் வந்து சேர்ந்தன. நீ ஓய்வு பெற்றதில் மகிழ்ச்சி. அதைச் சாவகாசமாக இன்னொரு நாள் பேசுவோம். முதலில் அக்கா விஷயம்.

பல் துலக்கினாலோ முகத்தில் காற்றுப் பட்டாலோ ஷாக் அடித்தாற்போல் சில விநாடி வலி, பிறகு சுத்தமாக ஒன்றுமில்லை, அதுவும் வலப்பக்க மேல்தாடையிலும் கீழ்தாடையிலும் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். இது ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவேதான், அதாவது முகத்தின் உணர்வு நரம்பில் வரும் வலி. எம்.ஆர்.ஐ.யிலும் நரம்பு மூளைத்தண்டில் நுழையும் இடத்தில் ரத்தக்குழாய் ஒன்று உரசுவது தெரிகிறது; கட்டி இல்லை. இனி யார் சொன்னாலும் பல்லைப் பிடுங்கக் கொடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் அக்காவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்: நாள் முழுக்க விடாமல் எரிகிற வலியும் இருக்கிறதா? இருந்தால் கீழே எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அந்த மாதிரி வலியில் நரம்பைச் சுட்டால் எரிச்சல் கூடவும் செய்யும்.

இந்த வலிக்கு அக்கா சாப்பிடும் கார்பமாஸிபைன் மாத்திரை 800 மில்லிகிராமிலேயே ரத்தத்தில் சோடியம் 126க்கு இறங்கி, நடை தள்ளாடுகிறது என்றால் அளவை ஏற்ற வழியில்லை. ஆக்ஸ்கார்பஸிபைனுக்கு மாற்றுவதும் வேண்டாம்; சோடியத்தைக் குறைப்பதில் அது இன்னும் மோசம். மண்டையைத் திறந்து, ரத்தக்குழாயை விலக்கி, நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கும் ஆபரேஷன்தான் நீண்ட நாள் தாங்குவது. ஆனால் 76 வயதில், இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அதை முதலில் சொல்ல மனம் வராது.

மீதி இருக்கும் வழிகள் எல்லாமே நரம்பைக் கொஞ்சம் காயப்படுத்தித்தான் வலியை நிறுத்துகின்றன. எத்தனை சதவீதம் வெற்றி என்று கேட்டிருக்கிறாய். எந்த இடம், எவ்வளவு மரத்துப்போகும் என்று டாக்டரிடம் கேள்; முடிவு அதில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு என் தேர்வு, நரம்பைச் சூடாக்கும் ரேடியோ அலை ஊசி. காரணம், நரம்பின் எந்தக் கிளையில் வலியோ அதை மட்டும் சுட முடியும். வாயோரத்திலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் ஊசி நுழையும். எக்ஸ்ரே பார்த்தபடியே அதை மண்டையோட்டின் அடியில் உள்ள ஃபோரமென் ஓவலே என்ற துளைக்குக் கொண்டுபோவார்கள். ஊசி வாய்க்குள் எட்டிப்பார்த்துவிடாதபடி டாக்டர் ஒரு விரலை உள்கன்னத்தில் வைத்திருப்பார். எட்டிப்பார்த்தால் கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரலாம், அந்த ஊசியை மாற்றியாக வேண்டும். குத்தும் நேரம் மட்டும் சில நிமிட மயக்கம். பிறகு எழுப்பி, 50 ஹெர்ட்ஸில் மிக லேசான மின்சாரம் விடுவார்கள். வழக்கமாக வலிக்கும் அதே இடத்தில் குறுகுறுப்பு வர வேண்டும். கண்ணோரம் வந்தால் ஊசியை நகர்த்தாமல் சுடக் கூடாது. இடம் சரியென்றால் மறுபடி மயக்கம் கொடுத்து 65 முதல் 75 டிகிரிக்குள் ஒரு நிமிடம் போலச் சூடாக்கி, எழுப்பி, கன்னத்தைக் குண்டூசியாலும் கருவிழியைப் பஞ்சு நுனியாலும் தொட்டுப் பார்ப்பார்கள். இந்தப் பரிசோதனையைப் பொறுமையாகச் செய்கிறவரா என்று விசாரி. அவசரப்பட்டு அதிகமாகச் சுட்டால் மரத்த இடத்திலேயே ஓயாத வலி உண்டாகும். அதற்கு நல்ல மருந்து கிடையாது.

வலி நெற்றிக் கிளையில் இருந்திருந்தால் பலூனைச் சொல்லியிருப்பேன். அதே துளை வழியே சிறு பலூனை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை முக்கால் மில்லி அளவு விட்டு ஊதி, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட அழுத்துவார்கள். படத்தில் பேரிக்காய் வடிவம் தெரிந்தால் சரியான இடம். கருவிழி உணர்வு பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் முழு மயக்கம் வேண்டும், அழுத்தும்போது இதயத்துடிப்பு சட்டென்று இறங்கும், மெல்லும் தசை சில மாதம் சோர்ந்துபோகும். நரம்பைச் சுற்றிக் கிளிசரால் திரவம் விடும் ஊசி எளிது, ஆனால் வலி சீக்கிரம் திரும்பிவிடும்.

கதிர்வீச்சால் செய்யும் காமா நைஃபில் ஊசியே இல்லை, வார்ஃபரினையும் நிறுத்த வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலன் தெரியச் சில வாரம் முதல் சில மாதம்வரை ஆகும். அதுவரை அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாத அதே மாத்திரையில் ஓட்ட வேண்டும்.

ஊசி என்று முடிவானால், இதய டாக்டரைக் கேட்டு வார்ஃபரினைச் சுமார் 5 நாள் முன்பே நிறுத்தி, அன்று காலை ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்க்க வேண்டும். சுட்ட பிறகு அந்தப் பக்கம் சூடாகக் குடிக்கும்போது கவனம். நாக்கு, கன்னம் கடிபடும். கண் சிவந்தால் அன்றைக்கே கண் டாக்டர். சில ஆண்டில் வலி திரும்பினால் இதே ஊசியை மறுபடி போடலாம்.

எல்லாரும் மறந்துவிடுகிற இன்னொன்று: கார்பமாஸிபைன் வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. வலி நின்று கார்பமாஸிபைனைப் படிப்படியாகக் குறைக்கும்போது, பழைய வார்ஃபரின் அளவே அதிகமாகி ரத்தக்கசிவில் கொண்டுவிடும். கார்பமாஸிபைனை நிறுத்திய பிறகும் சில வாரம், வாரம் ஒருமுறையாவது ஐ.என்.ஆர். பார்க்கச் சொல். இரண்டு டாக்டர்களுக்கும் இதை நீயே எழுதிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
ராகவன்