'பெ.மு.' என்று வெட்டிய தூக்குவாளிக்கு உரிய அம்மாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மாவை நேற்று மதுரைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். படியேறும்போது ஒரு கையால் என் தோளையும் மறு கையால் நிலையையும் பிடித்துக்கொண்டு, "வாசல் தெளிக்கலையா?" என்று கேட்டாள். பேச்சு இன்னும் குழறுகிறது. ஆனாலும் நின்றிருந்த எல்லோருக்கும் புரிந்தது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்ன நடந்தது, நான் ஏன் உடனே கிளம்பி வர முடியவில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை 11 நாள் ஜெர்மனியில், டார்ட்மண்டில் உட்கார்ந்திருந்தேன். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

விடிகாலையில் வந்து சேர்ந்த 108 வண்டிக்காரர்களுக்கு, பெரியாஸ்பத்திரி வார்டு சிஸ்டர்களுக்கு, தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த சித்திக்கு, மாடிப்படி வழியே அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய இஸ்திரிக்கடை அண்ணனுக்கு, அழகர் ஆற்றில் இறங்கிய காலையில் சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம்வரை அத்தனை லட்சம் கூட்டத்துக்குள் மருந்துப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தே போன எங்கள் தெருப் பையன்கள் இருவருக்கு, உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்வேன். டார்ட்மண்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கும். கேட்காமலே காரில் ஏற்றி, ஹம் நகரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஈழத்தமிழர்கள் கட்டி 2002-இல் குடமுழுக்கு நடத்திய கோயில் அது. ஜெர்மனியில் ஒரு கோபுரத்தின் அடியில் நின்று மதுரையில் இருக்கும் அம்மாவுக்காக விளக்கு ஏற்றினேன். மறக்க மாட்டேன்.

இனி எழுதுவது ஒருவருக்கு மட்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். உசிலம்பட்டிப் பக்கம் என்று சித்தி சொன்னார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, காதில் வெறும் துளசிக்குச்சி. செல்போனில் நான் பார்த்தது அவ்வளவுதான். சித்திக்கு வீடியோ கால் போடத் தெரியாது. அம்மாவின் போனை அவர்தான் தினமும் இரவு 9 மணிக்கு எடுத்து எனக்குப் போடுவார். எனக்கு அப்போது மாலை 5:30. அலுவலகத்திலிருந்து டிராமில் வந்துகொண்டு இருப்பேன்.

டார்ட்மண்டுக்குப் போய் 4 வருடமாகிறது. குடியேறிய 2 வாரத்துக்குள் வீட்டு விலாசத்தைப் பதிந்துகொள்வதில் தொடங்கி, காலி பாட்டிலைக் கடை மெஷினில் போட்டு 25 சென்ட் திரும்ப வாங்குவது, இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி போடாமல் இருப்பது, ஞாயிறு கடையெல்லாம் சாத்தியிருக்கும் என்று சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வைப்பது எல்லாம் பழகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். ஆனால் ஒருவர் துயரத்தில் இருந்தால் தள்ளி நின்று இடம் கொடுப்பதுதான் அங்கே மரியாதை. அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அதுவும் அக்கறைதான். எனக்குத்தான் அந்த அமைதி தாங்கவில்லை. ஊரிலிருந்து பேசியவர்களும் அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள். பேச வேண்டியதும் அதுதானே. நானும் எடுத்தவுடன் பி.பி. எவ்வளவு, ஸ்கேனில் என்ன, டாக்டர் என்ன சொன்னார் என்றுதான் எல்லோரையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் எதிர்சேவை, ஞாயிற்றுக்கிழமை. தல்லாகுளத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு சித்தியால் வார்டுக்கு வந்து சேர முடியவில்லை. அந்த அம்மாதான் இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொண்டார். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவின் தலைக்கு எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்துக்கொண்டு இருந்தார். பச்சைச் சீப்பு. பல்லில் சிக்கும் முடியை ஒவ்வொரு தடவையும் விரலில் சுற்றி எடுத்து ஓரமாக வைத்தார். பின்னல் போட்டு, எங்கிருந்தோ எடுத்து நாலு கண்ணி மல்லியைச் செருகினார். அப்புறம் என் பக்கம் திரும்பி,

"ஏந் தாயி, நீ சாப்ட்டியா?" என்றார்.

ஒரு வாரத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சாப்பிட்டேன் என்றேன்.

"என்னத்தச் சாப்ட்ட?"

ரொட்டி என்றேன். அதுவும் உண்மையில்லை, முந்தின நாள் சாப்பிட்டது.

"அதெல்லாம் ஒரு சாப்பாடா? அரிசி இருக்கா வீட்ல?"

"இருக்கு."

"போயி அடுப்பப் போடு. நா போன வைக்கல."

போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குப் போனேன். ஒரு கைப்பிடி அரிசி, ரெண்டு பல் பூண்டு, இத்தினியூண்டு வெந்தயம், தண்ணி தாராளமா ஊத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குழைந்ததும், "தொட்டுக்க என்ன இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை. சின்ன வெங்காயமும் இல்லை. "பெரிய வெங்காயத்த அரிஞ்சுக்க. உப்பத் தொட்டுக் கடிச்சுக்க." அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நடுவில் மாமியாருக்குப் பெட்பேன் வைக்க எழுந்து போனார். போனை அணைக்கவில்லை. எனக்கு வார்டின் மின்விசிறி மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "ம், தின்னு" என்றார்.

முதல் வாய் கஞ்சி எடுக்கும்போது அம்மாவும் பார்த்துக்கொண்டு இருந்தாள். பேச முடியாது. நல்ல கையைத் தூக்கி, அஞ்சு விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். சின்ன வயதில் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று காட்டுவாளே, அதே மாதிரி. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். தட்டு காலியாகும்வரை அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் தினமும் முதல் கேள்வி அதுதான். என்ன வைத்தேன் என்று தட்டைக் காட்டச் சொல்வார்.

இதையும் எழுதியாக வேண்டும். அவருடைய மாமியாருக்கு என்ன உடம்பு என்று நான் கேட்டது அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான். என் அம்மாவின் தலையை வாரிவிட்டவர், தானும் எத்தனையோ இரவு கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தவர். அவரைப் பார்த்து, நீங்க சாப்ட்டீங்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இறங்கி, எழும்பூரில் காலைத் தேஜஸ் பிடித்து நான் வார்டுக்குள் நுழைந்தபோது பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். முந்தின நாள்தான் மாமியாரைக் கூட்டிப்போனாராம். போகிற அவசரத்திலும் அம்மாவுக்குக் கஞ்சி வாங்கி, தன் தூக்குவாளியில் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எவர்சில்வர், ஒரு பக்கம் லேசாக நசுங்கியது. மூடியில் 'பெ.மு.' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. உங்கள் பெயரா, உங்கள் வீட்டுக்காரர் பெயரா, சீர் செய்த யாருடைய பெயரா, எனக்குத் தெரியாது. நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளச் சித்திக்கும் தோன்றவில்லை.

டார்ட்மண்ட் பல்கலைக்கழகத்துக்கு வருடா வருடம் நம் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் அவர்களுக்குக் கஞ்சி உண்டு. என்னத்தச் சாப்ட்ட என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

மாதக் கடைசியில் நான் திரும்பிப் போக வேண்டும். வாளியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பிறத்தியார் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. காலையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அரிசி" என்றாள். கொஞ்சம் கழித்து, "பூவும்" என்றாள். உசிலம்பட்டிப் பக்கத்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சிம்மக்கல்காரம்மாவின் மகள் தேடுகிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள். எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று தெரிந்தால் போதும், நாங்களே வந்துவிடுவோம்.

சித்தியும் நானும்தான் வருவோம். அம்மா இன்னும் நடக்கப் பழகிக்கொண்டு இருக்கிறாள்.