ரத்தப் பரிசோதனை முடிவை யார் பரிசோதிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் எங்கள் ஊர் லேப் ஒன்றில் அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம், பொட்டாசியம் 6.8 என்று வந்தது, 5-ஐத் தாண்டக்கூடாது என்பதால் பதறியடித்துக்கொண்டு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்து, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.3. சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்றார் டாக்டர். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: லேபில் நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தி, சிரிஞ்சிலிருந்து டியூபுக்குள் வேகமாகப் பீய்ச்சினார் அந்தப் பெண். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, காலை 7 மணிக்கே 30 பேர் நிற்க, ரத்தம் எடுக்க அவர் ஒருவர்தான். ஆனால் அணுக்கள் அந்த அளவுக்கு உடைந்தால் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சிவந்திருக்கும், மெஷினில் வைக்கும் முன்பே கண்ணுக்குத் தெரியும், அப்போதே வேறு ரத்தம் கேட்டிருக்க வேண்டாமா?

லேப்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் எல்லா லேபுக்கும் கட்டாயமில்லை என்பதே பலருக்குத் தெரியாது. வேலூர் சிஎம்சி நடத்துவது போன்ற வெளித் தரமதிப்பீட்டுத் திட்டங்களில் ஒரு லேப் சேர்ந்தால், விடை தெரியாத மாதிரியைச் சோதித்து, மற்ற லேப்களின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படிச் சேர்ந்திருக்கிறார்களா என்பதை ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அச்சிடச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி