‘கரண்ட்’ வைக்கும்போது இடைவெளி விடலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையை நம்மூரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். உங்கள் நலவாழ்வுப் பக்கக் கட்டுரை, அது கட்டியைப் ‘பொசுக்குகிறது’ என்றது. உடம்பு தளர்ந்தால் நடுவில் ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னது. முதலாவது தவறு. இரண்டாவது ஆபத்து.

ஒரு நாளைக்கு வழக்கமாகத் தருவது 2 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு). அதனால் திசுவில் ஏறும் வெப்பம் ஒரு டிகிரியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். காபி டம்ளரைத் தொட்டாலே அதைவிட அதிகம் சுடும். கதிர் வேலை செய்வது செல்லின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில். அந்த 2 கிரே ஒவ்வொரு செல்லிலும் சுமார் 2,000 ஒற்றை இழை முறிவுகளையும் 70, 80 இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும்.

ஒற்றை முறிவைச் செல் பொருட்படுத்துவதே இல்லை எனலாம். பார்ப்-1 புரதம் வெட்டுப்பட்ட இடத்தில் வந்து ஒட்டும். எதிர் இழையைப் பார்த்து, விடுபட்ட டி.என்.ஏ. ‘எழுத்து’ (இழையின் ஒரு கண்ணி) நிரப்பப்படும். இரண்டு இழையும் அறுந்தால்தான் வினை. பார்த்து எழுத எதிர் இழை இருக்காது.

அறுந்த முனைகளில் சில நொடிகளில் கூ என்ற வளையப் புரதம் மோதிரம் போல ஏறிக்கொள்ளும். இன்னொரு பக்கம் எம்ஆர்என் என்ற மூன்று புரதக் கூட்டு, ஏடிஎம் நொதியைத் தட்டி எழுப்பும். ஏடிஎம், முறிவின் இருபுறமும் லட்சக்கணக்கான எழுத்துகள் தூரத்துக்கு எச்2ஏஎக்ஸ் புரதத்தில் பாஸ்பேட் குறி வைக்கும். (சாயமேற்றிய செல்லில் இவை நுண்ணோக்கியின் கீழ் புள்ளி புள்ளியாக ஒளிரும், ஆய்வகத்தில் முறிவுகளை எண்ணுவது இவற்றை வைத்துத்தான்.) பி53 என்ற காவல் புரதம், பழுது சரியாகும்வரை செல்பிரிவை நிறுத்தி வைக்கும்.

அவசர ஒட்டு ஒன்று உண்டு: சிதைந்த முனை சீவப்பட்டதும், லைகேஸ்-4 என்ற நொதி இணைத்துவிடும். வேகம்தான், ஆனால் சில எழுத்துகள் தொலையலாம். டி.என்.ஏ. படியெடுக்கப்பட்ட பின்னர் முறிந்தால் வேறு வழியும் உண்டு. பிஆர்சிஏ2 புரதம் ராட்51 என்ற இன்னொரு புரதத்தைக் கொண்டுவந்து முறிந்த இழையில் ஏற்ற, பக்கத்துப் படியைப் பார்த்துப் பிசகின்றிச் சரிசெய்யப்படும்.

ஆரோக்கியமான திசுவில் இந்த வேலை பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் ஒரே நாளில் இருமுறை கதிர் தந்தால் நடுவில் குறைந்தது 6 மணி நேரம் விடுகிறார்கள். இதே காரணத்தால்தான் தலை, கழுத்துப் புற்றுக்கு 70 கிரேயை 35 தவணையாகப் பிரித்து 7 வாரம் தருகிறார்கள். பல புற்றுச் செல்களில் பி53 பழுதாகியிருக்கும். அவை பழுதுபார்க்க நிற்காமல், உடைந்த குரோமோசோம்களோடே பிரியப் போய் மடியும். அதற்கு நாள்களாகலாம், வாரங்களுமாகலாம். ‘கரண்ட் முடிந்தும் கட்டி கரையவில்லையே’ என்று கலங்க வேண்டாம். தலை, கழுத்துப் புற்றில், மீதிப் புற்று இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனை 12 வாரம் கழித்து எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இடைவெளியில் புற்றுச் செல்லும் சும்மா இருக்காது, எஞ்சியவை பெருகும். தலை, கழுத்துப் புற்றில் நான்காவது வாரத்துக்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் சுமார் 0.6 கிரேயை வீணாக்குகிறது என்பது கணக்கு. கருப்பைவாய்ப் புற்றில் மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். அடைமழையில் சாலை மூழ்கியோ, பொங்கலுக்கு ஊருக்குப் போயோ தவணை தவறினால், அன்றே சிகிச்சைப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். சனிக்கிழமையிலோ, 6 மணி நேர இடைவெளியுடன் ஒரே நாளில் இரண்டாகவோ ஈடுகட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். வாய்ப்புண், காய்ச்சல் என்றால் நிறுத்துவதா வேண்டாமா என்பது மருத்துவர் முடிவு.

சிகிச்சை நாள்களில் புகை வேண்டாம், அது இரத்தம் கொண்டுசெல்லும் ஆக்சிஜனைக் குறைக்கும். ஆக்சிஜன் குறைந்த கட்டியை அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை. ‘சத்துக்கு’ என்று அதிக வீரிய ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம், அவை கதிரின் வேலையைக் குறைக்கக்கூடும். ஓய்வு பற்றிய அந்த வரிக்கு அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
கதிர் உயிரியல் கற்பிப்போர் இருவர்,
மயிலாப்பூர், சென்னை - 4