நான்காம் தவணை நிறைவும் டிசம்பர் பயணமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நான்காம் தவணை நல்லபடியாக நிறைவுக்கு வருகிறது. தொடக்கநிலை, உயர்நிலை மாணவர்கள் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டார்கள். வாய்மொழித் தேர்வில் நம் பிள்ளைகள் தயங்காமல் பேசினார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டு மகிழ்ந்தேன். பேச்சுப் போட்டியிலும் கதை சொல்லும் போட்டியிலும் பரிசு வாங்கியவர்களுக்கும், பரிசு கிடைக்காவிட்டாலும் துணிந்து மேடையேறியவர்களுக்கும் பாராட்டுகள். தீபாவளிக் கொண்டாட்டத்துக்குப் பலகாரம் செய்து அனுப்பியவர்களுக்கும், விழா முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கிக் கூடத்தைச் சுத்தம் செய்து கொடுத்தவர்களுக்கும் நன்றி. அடுத்த ஆண்டு வகுப்பு அட்டவணை டிசம்பர் கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் வரும்.

இனி, உயர்நிலை மாணவர்கள் பனிச்சறுக்குப் பழக ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போகும் பயணம். அதிலும் குறிப்பாக, பூட்ஸில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகையான ஸ்கீ பனியில் தொலையாமலிருக்கக் கட்டும் ஒரு ரிப்பனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இந்த முறை பிள்ளைகளை அனுப்பாதவர்களும் படித்து வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகளும் அந்த வயதுக்கு வருவார்கள்.

நாங்கள் கொடுத்த பொருள் பட்டியலில், கையுறைக்கும் கம்பளித் தொப்பிக்கும் கீழே, "பளிச்சென்ற நிறத்தில் 2 மீட்டர் நைலான் ரிப்பன், இரண்டு" என்று ஒரு வரி இருந்தது. சென்ற சனிக்கிழமை ஆயத்த வகுப்பில் பைகளைத் திறந்து பார்த்தோம். பாதிப் பேரிடம் ரிப்பனே இல்லை. சிலரிடம் வெள்ளை ரிப்பன். ஒரு மாணவி பழைய பருத்தித் துப்பட்டாவிலிருந்து கிழித்த துண்டைக் கொண்டு வந்திருந்தார். வேறு சிலரிடம் இணையத்தில் வாங்கிய, இரு முனையிலும் கொக்கி வைத்த வார் இருந்தது. "இதைக் காலில் மாட்டிக்கொண்டால் ஸ்கீ தொலையவே தொலையாது என்று அப்பா சொன்னார்" என்றான் ஒரு பையன். அன்றிரவு ஒரு பெற்றோர், "தொலைந்தால் பணத்தைக் கட்டிவிடுகிறோம், ஒரு ரிப்பனுக்கு ஏன் இவ்வளவு பாடு" என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

யாரும் வேண்டுமென்றே அலட்சியம் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் சிங்கப்பூரில், பனிக்குள் ஒரு பொருள் காணாமல் போவது எப்படி என்று யோசிக்க நமக்கு அவசியம் வந்ததில்லை. அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

பிள்ளைகள் போகுமிடம் ஹொக்கைடோவில் உள்ள நிசெக்கோ என்ற பனிச்சறுக்குத் தலம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் விழும் பனியை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 15 மீட்டர் வரும். நம் வீவக அடுக்குமாடிக் கட்டடத்தில் ஐந்து மாடி உயரம். அந்தப் பனி ஈரமில்லாமல் மாவாக இருக்கும். ஒரே இரவில் 30 சென்டிமீட்டர் விழுவது அங்கே பெரிய செய்தியே இல்லை. இயந்திரம் வைத்து அழுத்திச் சமன்படுத்திய சறுக்குப் பாதை கெட்டியாக இருக்கும். ஆனால் பாதையின் விளிம்பைத் தாண்டி ஓரடி போனால் கால் முழங்கால்வரை புதையும். பழகாத பிள்ளைகள் திரும்பத் தெரியாமல் ஒதுங்குவதும் அந்த விளிம்புக்குத்தான். "ஆரம்பநிலைச் சரிவில்தானே விடுகிறீர்கள்" என்று கேட்டவர்களுக்கு இதுவே என் பதில்.

ஸ்கீயின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். பூட்ஸைக் கவ்விப் பிடித்திருக்கும் பைண்டிங், கால் வேகமாக முறுக்கினால் தானாக விட்டுவிடும். விடாவிட்டால் கால் எலும்போ முழங்காலோ பாதிக்கப்படும். பூட்ஸ் கழன்ற கணமே இரு பக்கமும் சிறு கைகள்போல் இருக்கும் பிரேக் கீழே இறங்கிப் பனியைக் குத்திப் பிடிக்கும். கெட்டிப் பனியில் இது நன்றாக வேலை செய்கிறது. ஆழமான பொடிப்பனியில் பிரேக் குத்திப் பிடிக்க எதுவுமில்லை. ஸ்கீ மூக்கு முன்னால் நுழைந்து பனிக்கு அடியிலேயே பல மீட்டர் ஓடிவிடும். மேலே பனி மூடிக்கொள்ளும். எங்கே நுழைந்தது என்பதற்கு அடையாளம்கூட இருக்காது.

சென்ற டிசம்பரில் நடந்தது இதுதான். ஒரு மாணவர் பாதையோரம் மெத்தென்று விழுந்தார், அடியொன்றும் இல்லை, சிரித்துக்கொண்டே எழுந்தார். ஒரு காலில் ஸ்கீ இல்லை. ஆசிரியரும் பயிற்றுநரும் தேடத் தொடங்கினார்கள். மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் உதவுகிறேன் என்று மிதித்ததில், விழுந்த இடமே தெரியாமல் போனது. டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வெகுநேரம் நின்றதில் இரண்டு பேருக்கு விரல்கள் மரத்துப்போயின. ஸ்கீயை இழந்த மாணவர் தொடைவரை புதைந்து புதைந்து, ஆசிரியரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கீழே வந்து சேர்ந்தார். அந்த ஸ்கீ கடைசிவரை கிடைக்கவில்லை. வாடகைக் கடைக்கு முழு விலையும் கட்ட வேண்டியிருந்தது. பணம் போனது எனக்குப் பெரிதல்ல. இருட்டும் நேரத்தில், உறைகுளிரில், ஒரு குழுவே நகர முடியாமல் நின்றதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இதற்குப் பனிச்சறுக்குக்காரர்கள் காலங்காலமாகக் கையாளும் வழி ரிப்பன். ஒரு முனையை ஸ்கீயில், குதிகால் பக்கத்துப் பைண்டிங்கில் கட்ட வேண்டும். மீதி நீளத்தை விசிறி மடிப்பாக மடித்து, பனிக்கால்சட்டையின் உள்ளே பூட்ஸைக் கவ்வும் இலாஸ்டிக் பட்டைக்குள் செருகிவிட வேண்டும். செருகுவதோடு சரி, காலில் கட்டக் கூடாது. விழும்போது ஸ்கீ கழன்று போகும், ரிப்பன் உருவிக்கொண்டு அதன் பின்னாலேயே போகும். ஸ்கீ முழுதாகப் புதைந்தாலும் ரிப்பனின் ஏதாவது ஒரு பகுதி மேலே தெரியும், அல்லது கையால் துழாவினால் அகப்படும். பிடித்து இழுத்தால் ஸ்கீ வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

நிறம் ஏன் முக்கியம் என்று இப்போது புரியும். வெள்ளை ரிப்பன் பனியில் இருந்தும் இல்லாததுதான். வெளிர்நீலமும் வேண்டாம், நிழல் விழுந்த பனியே நீலமாகத்தான் தெரியும். ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு, சிவப்பு நல்லது. பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சி, உறைந்து, குச்சிபோல் விறைத்துவிடும். இலாஸ்டிக் நாடா இழுபட்டால் ஸ்கீயை நம் மேலேயே திருப்பி அடிக்கும். ஆகவே நைலான் அல்லது பாலியஸ்டர், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அராப் ஸ்திரீட்டில் துணிக்கடைகளிலும் தேக்காவில் தையல் சாமான் கடைகளிலும் கிடைக்கும், சில வெள்ளிதான் ஆகும். வெட்டிய முனை பிரியாமலிருக்கப் பெரியவர்கள் யாராவது நெருப்பில் லேசாகக் காட்டிக் கொடுங்கள். பிள்ளையின் பெயரை அழியாத மையில், தமிழில் எழுதுங்கள். குழுவில் யாருடைய ஸ்கீ என்பது உடனே தெரியும்.

கொக்கி வைத்த வார் வாங்கிய பெற்றோர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அக்கறையோடுதான் வாங்கினீர்கள், விலையும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அது பிள்ளைக்கு ஆபத்து. பிரேக் பரவலாக வருவதற்கு முன், 1970கள் வரை, ஸ்கீயை வாரால் காலோடு பிணைப்பதுதான் வழக்கமாக இருந்தது. உருண்டு விழும்போது, காலோடு கட்டுண்ட ஸ்கீ சுழன்று சுழன்று அடித்து முகத்திலும் தலையிலும் காயம் ஏற்படுத்தியது. ஸ்கீயின் விளிம்பு எஃகு என்பதை மறந்துவிடாதீர்கள். பிரேக் வந்ததும் அந்த வார்கள் பெரும்பாலும் வழக்கொழிந்ததற்குக் காரணம் இதுதான். மலையிலிருந்து பனி பெருமளவில் சரிந்து விழும் பனிச்சரிவில் சிக்கியவரை, காலில் பிணைத்த ஸ்கீ நங்கூரமாகக் கீழே இழுக்கும். நம் பிள்ளைகள் பனிச்சரிவு அபாயமுள்ள இடத்துக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் தவறான பழக்கத்தை இந்த வயதில் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஸ்னோபோர்டு பலகைக்கு வார் போடுவதைப் பார்த்துவிட்டு வாங்கியவர்களும் உண்டு. அங்கே விழும்போது பலகை காலைவிட்டுக் கழல்வதில்லை. அது வேறு விஷயம்.

ரிப்பனையும் எந்நேரமும் கட்டிக்கொண்டு திரியக் கூடாது. கெட்டிப் பாதையில் அது தேவையில்லை. அவிழ்ந்து தொங்கினால் மறு ஸ்கீக்கு அடியில் மாட்டும், மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டில் சிக்கும். எந்த நாளில் கட்டுவது, எப்போது கழற்றுவது என்பதைப் பயிற்றுநர் சொல்வார். பிரேக் தடையில்லாமல் இறங்குகிறதா என்பதையும் அவரே பார்ப்பார். அதையும் மீறி ஸ்கீ காணாமல் போனால், விழுந்த இடத்தில் முதலில் கையில் பிடித்துச் சறுக்கும் கோல்களில் ஒன்றை நட்டுவிட்டு, சுற்றி யாரும் மிதிக்காமல், மேட்டுப்பக்கத்திலிருந்து தேடத் தொடங்க வேண்டும். ஸ்கீ கழன்றபின் ஆள்தான் கீழே உருண்டு வருவார். ஸ்கீ பெரும்பாலும் அவருக்கு மேலேதான் கிடக்கும். கோலாலோ மற்ற ஸ்கீயின் பின்முனையாலோ சரிவுக்குக் குறுக்காக, நெருக்கமாகக் கீறிக்கொண்டே வந்தால் தட்டுப்படும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரிப்பன் இல்லாத மாணவர், புதுப்பனி விழுந்த நாளில் சரிவில் இறங்கமாட்டார். அன்று முழுவதும் ஓர் ஆசிரியருடன் விடுதியில் இருப்பார். கொக்கி வார் கொண்டு வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, சிங்கப்பூர் திரும்பியபின்தான் கொடுப்போம். பணம் கட்டிவிடுகிறோம் என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. உங்கள் பிள்ளையின் ஸ்கீ தொலைந்தால், குளிரில் நிற்பது அடுத்த வீட்டுப் பிள்ளையும்தான். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை. ஆசிரியர்களைத் தனித்தனியாக அழைத்துச் சலுகை கேட்டு அவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்த வேண்டாம். கேள்வி இருந்தால் என்னிடம் வாருங்கள்.

உங்களில் பெரும்பாலோருக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். விடுமுறை எடுத்துக்கொண்டு ஆயத்த வகுப்புக்கு வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு தாயார் ஆரஞ்சு ரிப்பன் சுருள் ஒன்றை முழுதாக வாங்கி, இல்லாத பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தந்தை தம் சொந்த ஸ்கீ ஜோடியை, பிள்ளைகள் கட்டிப் பழகுவதற்கென்று இரவல் தந்திருக்கிறார். இருவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. கடைக்குப் போக நேரமில்லாதவர்கள், வாங்கச் சிரமப்படுபவர்கள் தயங்காமல் அலுவலகத்தில் கேளுங்கள், அந்தச் சுருளிலிருந்து வெட்டித் தருகிறோம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கூடத்தில் கட்டிப் பழகும் வகுப்பு. பிள்ளைகள் பனிக்கால்சட்டையையும் இரண்டு ரிப்பன்களையும் கொண்டு வரட்டும். பெற்றோரும் வரலாம், நீங்களே ஒருமுறை கட்டிப் பார்க்கலாம். பிள்ளைகளை எங்களை நம்பி அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஆசிரியர்கள் அனைவர் சார்பிலும் நன்றி.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்