கோணமலைக்கு நம்மூர்க் கன்றுகள் போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியோரத்தில் போன மாரிக்கு ஓர் அமைப்பினர் மரக்கன்று நட்டார்கள். பெயர்ப்பலகைக்கும் படப்பிடிப்புக்கும் குறைவில்லை. நட்டதெல்லாம் மேமலரும் (குல்மோகர்) குரோட்டன் அழகுச்செடியும். பாதியை வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டை மான்கள் தின்றன, மிச்சத்தைத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பார்த்துக்கொண்டது. இப்போது பலகை மட்டும் நிற்கிறது.

மேமலர் மடகஸ்காரில் இருந்து வந்த மரம். பூத்தால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மலைக்கு என்ன நடுவது என்று வெளியே தேட வேண்டியதில்லை. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தில் மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். அவர் இங்கே வராமல் இராமேசுவரத்தில் இருந்தே பாடினார் என்பார்கள். அப்படியென்றால் அது புலவர் வழக்குப் பட்டியல்தானே என்று கேட்கலாம். சரி, செண்பகத்தை விட்டுவிடுவோம், அதற்கு ஈரம் வேண்டும். புன்னையும் குருந்தும் செருந்தியும் நமது உலர் வலயத்துக்குப் பழகியவை.

குருந்து எலுமிச்சைக் குடும்பம். இலையைக் கசக்கி முகர்ந்தால் உடனே தெரியும். கறுப்பும் நீலமுமாய்ப் பெரிதாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தேடி வருவது இந்த இனத்தைத்தான். முள்ளும் இருப்பதால் மான் வாய் வைக்க யோசிக்கும். செருந்தி இன்னும் விசேஷம். மஞ்சள் இதழ்கள் உதிர்ந்த பின் புல்லிவட்டம் சிவந்து விரிய, நடுவில் கரிய காய்கள் மணிமணியாய் ஒட்டியிருக்கும். அதையே பூவென்று எண்ணிப் படம் எடுப்பவர்களும் உண்டு. புன்னைக்கு உப்புக்காற்று ஒரு பொருட்டே இல்லை.

தல மரமான கல்லாலை ஒருவரும் நட வேண்டியதில்லை. பறவை எச்சத்தில் விழுந்த விதை பாறை வெடிப்பில் வேர்விட்டுக்கொள்ளும். மதில் துப்புரவு செய்பவர்கள் கட்டடத்தில் முளைப்பதை வெட்டட்டும், பாறையில் நிற்பதை விட்டுவைத்தால் போதும்.

வீதியோரத்தில் நடுவதானால் ஐப்பசியில் முதல் மழை ஊறியதும் நட வேண்டும். மார்கழி கழிந்து நட்டால், வேர் இறங்குமுன் வெயில் வந்துவிடும். ஒவ்வொரு கன்றுக்கும் மான் தலை எட்டாத உயரத்தில் கம்பிக்கூடு தேவை. பலகைக்குச் செலவழித்த காசில் எத்தனையோ கூடு கட்டியிருக்கலாம். மான்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் போடும் பொலித்தீன் பையையே தின்கிற பிராணிகள் அவை.

என் வீட்டுப் பின்வளவில் குருந்தும் செருந்தியும் பைகளில் நிற்கின்றன. கூடு கட்டித் தண்ணீர் ஊற்ற ஆளிருக்கிறது என்று யாராவது உறுதி சொன்னால் இலவசமாகவே தருவேன். ஏற்றிச் செல்ல ஒரு லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) மட்டும் அவர்கள் கொண்டுவர வேண்டும்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.