ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துக்கு இது நல்ல செய்தி வந்த ஆண்டு. அரிட்டாபட்டி வட்டாரத்து டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு 2025 ஜனவரியில் ரத்து செய்தது. ஊர் ஊராகத் திரண்டு நின்ற மக்களுக்கே அந்தப் பெருமை. நம் உறுப்பினர்கள் பலரும் அவர்களோடு மதுரை தல்லாகுளம் வரை நடந்தார்கள். பறவை நோக்கலும் மாணவர் நடையும் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது.

பிப்ரவரியில் சென்ற மன்னார் வளைகுடாச் சுற்றுலாவைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "சுரங்கம் வராமல் காத்த மலையைப் பார்த்துவிட்டோம், கல்லை வெட்டி எடுத்த கடலையும் பார்த்து வருவோம்" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் செயற்குழுவில் கேட்டதால் அமைந்த பயணம் அது.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள அந்தக் கடலில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையைப் பல்லாண்டுகள் பெயர்த்தார்கள். கடப்பாரையோடு மூழ்கிப் பிளந்து, வள்ளங்களில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமற்போனதும் தீவுகள் கரைந்தன. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது கணக்கிலிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. பாறை இருந்த கரைகளில் சுனாமியின் வேகம் குறைந்ததைக் கண்ட பிறகு மீனவர்களே கல்லெடுப்பதைக் கைவிட்டார்கள். சட்டத்தைவிட அந்தப் பட்டறிவுக்கே வலிமை அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

தனுஷ்கோடியில், பவளக்கல்லால் கட்டப்பட்டு 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தோம். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் முழுவதும் நட்சத்திர வடிவில் நுண்ணிய குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த அறை. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்று வழிகாட்டி சொன்னதும், ஒரு மாணவி அந்தக் கல்லைச் சாணால் அளந்து பார்த்தாள்.

பாம்பன் அருகே குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குச் சென்றோம். அன்று தெளிந்த நீர். கடல்தாழை என்னும் கடற்புல் அசைவதும், பாறை இடுக்கில் மீன் கூட்டம் திரும்புவதும் படகிலிருந்தே தெரிந்தன. ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் புல்வெளிகள் அவைதாம்; ஆவுளியா கண்ணில் படவில்லை. தனுஷ்கோடியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். அங்கே உள்ளூர் மக்கள் சமைத்துத் தந்த மீன் குழம்பை உறுப்பினர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கல்லெடுத்துப் பிழைத்தவர்களுக்கும், தீவுகளில் கடற்பாசி எடுத்து வந்த பெண்களுக்கும் பாதுகாப்பால் வருமானம் குறைந்திருக்கிறது. நாம் கொடுக்கும் டிக்கெட் பணமும் சாப்பாட்டுப் பணமும் அந்தக் கிராமங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் வெளியூர் சுற்றுலா நிறுவனத்தின் மலிவான திட்டத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. செலவு கூடியது என்று சிலர் வருந்தினார்கள். முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கரையில் பவளத் துண்டு, சங்கு எதையும் எடுக்கக் கூடாது என்ற விதியை உறுப்பினர்கள் அனைவரும் காத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டில் தூத்துக்குடிப் பக்கம் செல்லத் திட்டம். அங்கே கரைந்துவந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பணியில் ஈடுபட்டவர்களிடம் நேரில் கேட்டறிய வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்