‘மன்னித்துவிடு’ என்று சொல்லாதவர்களுக்கு

அன்புக்குரிய உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா போன பிறகு நான் இருந்த இருப்பைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். நேரில் நன்றி சொன்னால் “இதுக்கெல்லாமா?” என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்க அண்ணன் வந்து எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் வேலை, லீவு கிடைக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம். எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு அந்தக் கசப்பு அடங்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனசுக்குள் அவனோடு சண்டைதான். கேள்வியும் நானே, அவன் சார்பில் மழுப்பல் பதிலும் நானே. காலையில் எழுந்தால் தாடை வலிக்கும், ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்திருப்பேன்.

“போனது போகட்டும், மன்னிச்சிடு” என்று அந்த நாட்களில் பலர் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம், என் வலியைப் பேசாமல் இருக்கச் சொல்வதுபோல் எனக்கு இருந்தது. நீங்கள் ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என் முதல் நன்றி அதற்கு.

தோழி, ஒரே கதையை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “இதை ஏற்கெனவே சொல்லிட்டே” என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாய்: “சரி, அண்ணன் மேல உள்ள கோபம் புரியுது. உன் மேல என்ன கோபம்?” எனக்கு அழுகைதான் வந்தது. அம்மாவின் கடைசி இரவில் நான் பக்கத்தில் இல்லை என்பதை அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அண்ணன் மீது நான் கொட்டிய கோபத்தில் பாதி அங்கிருந்து வந்தது.

சிஸ்டர், “வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கிட்டு வாங்கம்மா” என்று அன்று என்னை அனுப்பியதே நீங்கள்தான். விடியும் முன்பே உங்கள் போன் வந்தது. பல மாதம் கழித்து உங்களைத் தேடி வார்டுக்கு வந்தேன். டியூட்டி முடிந்த களைப்போடு வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள்: “கூடவே இருந்தவங்க சித்த நேரம் வெளிய போன சமயத்துலதான் நிறைய பேர் போறாங்க. நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். உங்க அம்மா தனியா போகலை. கையைப் பிடிச்சுக்கிட்டு நான் இருந்தேன்.” நீங்கள் சொன்ன இந்தச் சேதி இல்லாவிட்டால் வேறு எதுவும் எனக்கு உதவியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், ஆலோசகர் மேடம். முதல் சந்திப்பிலேயே ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தீர்கள். மன்னிப்பது வேறு, நடந்தது சரி என்று ஒப்புக்கொள்வது வேறு, பழையபடி ஒட்டி உறவாடுவது வேறு. மன்னிப்பைப் பற்றிப் பல காலம் ஆராய்ந்த ராபர்ட் என்ரைட் இவற்றைத் தனித்தனியாகத்தான் வைக்கிறார் என்றீர்கள். 2001-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னீர்கள். தங்களைப் புண்படுத்தியவர்கள் மீதான வன்மத்தை மனசில் ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது, கலந்துகொண்டவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறினவாம், புருவத் தசைகள் இறுகினவாம். என் தாடை வலி எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது.

உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்த முறைப்படி, தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், மனசில் உள்ளதை அப்படியே எழுதச் சொன்னீர்கள். எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனக்கும், பயப்படாதீர்கள் என்று எச்சரித்தும் வைத்தீர்கள். அப்படித்தான் கனத்தது. முன்பே சொல்லியிருக்காவிட்டால் முதல் நாளோடு விட்டிருப்பேன்.

ஆனால் என்னைப் புரட்டிப் போட்டது அந்தக் காலி நாற்காலிதான். அதில் அண்ணன் இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னீர்கள். பேசித் தீர்த்தேன். பிறகு அதே நாற்காலியில் என்னை உட்கார வைத்து, இப்போது அண்ணனாகப் பேசுங்கள் என்றீர்கள். வெகு நேரம் வாய் வரவில்லை. கடைசியில் வந்தது ஒரே வரி: “அம்மாவை அந்தக் கோலத்துல பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு.” அது அவன் மனசில் உள்ளதா, நானாக நினைத்துக்கொண்டதா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அன்றைக்குப் பிறகு மனசுக்குள் நடந்த சண்டையில் பழைய வேகம் இல்லை.

எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளரைப் பற்றி நீங்கள் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மன்னிப்பை ஆராய்வதே அவர் வேலை. அவருடைய தாயை 1996 புத்தாண்டு சமயத்தில் திருட வந்த ஒருவன் கொன்றுவிட்டான். அவனை மன்னித்த அவர், பின்னாளில் தம்பி தற்கொலை செய்துகொண்டபோது தன்னைத்தானே மன்னிக்கப் பெரும் பாடுபட்டிருக்கிறார். மன்னிப்பது என்று முடிவெடுப்பது ஒன்று, மனசு உண்மையாகவே இளகுவது இன்னொன்று. இரண்டாவது தன் போக்கில்தான் வரும் என்பது அவர் கருத்து. இதையே படித்து இதையே கற்றுக்கொடுத்தவருக்கே அப்படி என்றால், எனக்கு நாளாகாதா?

சித்தி, நீங்கள் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தீர்கள். இங்கே நான் பேசியது அங்கே போகவில்லை, அங்கே நடந்தது இங்கே வரவில்லை. குடும்பத்துக்குள் இது எவ்வளவு அபூர்வம் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பிப் போக எனக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது உங்களால்தான்.

என் கணவருக்கும் மகளுக்கும் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். என் சிடுசிடுப்பையெல்லாம் தாங்கியவர்கள் அவர்கள்.

அண்ணன் இன்னும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை. பழைய நெருக்கம் வருமா என்றால், இப்போதைக்கு இல்லை. ஆனால் மகளின் பிறந்தநாளுக்கு அவனையும் கூப்பிட்டிருக்கிறேன். “பார்க்கிறேன்” என்றான். வந்தால் என்ன பேசுவது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை. தோழி, அன்றைக்கு நீ மட்டும் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடு.

நன்றியுடன்,
உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டவள்